பத்துக்கு ஆறு

என் அக்காள் புருஷனைத் தொழிற்சாலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அங்கே அவருக்குக் 'குழியார்' என்று பட்டம். எனக்கு அத்தான். துப்பாக்கித் தொழிற்சாலையின் சுடும் மைதானத்தில், ஒரு குழிக்குள்ளேயே முப்பத்தோரு வருடம் உத்தியோகம் பார்த்த மனிதர். கடைசிப் பதினாறு வருடம் நானும் அதே குழியில் இருந்தேன். மாவுப் பசை காய்ச்சுவதும் காகிதம் ஒட்டுவதும் என் வேலை. அதனால் அவரைப் பற்றி அக்காளைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

புதிதாகச் செய்த துப்பாக்கியை மைதானத்தின் ஒரு கோடியில் படுத்துக்கொண்டு சுடுவார்கள். மறுகோடியில் குழி. ஆள் உயரத்துக்கு மேல் இன்னும் ஒரு முழம் ஆழம். குழியிலிருந்து ஒரு மரச்சட்டம் கயிற்றில் மேலே ஏறும், கீழே இறங்கும். அதில் காகிதம், காகிதத்தின் நடுவில் ஒரு முழ அகலத்துக்குக் கறுப்பு வட்டம். குண்டு தலைக்கு மேல் சாட்டை சொடுக்கின மாதிரி போகும். அதற்குப் பிறகுதான் தூரத்தில் யாரோ கதவைச் சாத்துகிற மாதிரி துப்பாக்கிச் சத்தம் வரும். உடனே சட்டத்தை இறக்கி, ஓட்டை எங்கே என்று பார்த்து, நீளக் கம்பில் கட்டிய தட்டைக் குழிக்கு மேலே நீட்டி, "இங்கே பட்டது" என்று காட்ட வேண்டும். இதுதான் எங்கள் பிழைப்பு.

எங்கள் குழியில் சட்டம் முன்சுவரை ஒட்டியே இறங்கும். காகிதத்தின் முகம் சுவரைப் பார்த்திருக்கும், முதுகு எங்களைப் பார்த்திருக்கும். முகத்தைப் பார்க்கிற பாக்கியம் எங்களுக்கு இல்லை. கறுப்பு வட்டம் மட்டும் முதுகில் நிழலாகத் தெரியும். முதுகைத் தடவினால் குண்டு கிழித்த பிசிறு கையில் தட்டும். அத்தான் கண்ணால் தேடவே மாட்டார். உள்ளங்கையை ஒரு வீச்சு வீசுவார், ஓட்டை கிடைத்துவிடும்.

அந்தக் குழிக்குள் இறங்குவதற்கு அவர் தினமும் செருப்புக்குப் பாலிஷ் போடுவார். "அங்க யாரு பார்க்கப் போறா, எலியா?" என்பாள் அக்காள். "மேல இருக்கற பெரிய மனுஷங்கதான் பார்க்கல. அவங்களுக்கும் மேல ஒருத்தன் பார்க்கறான்ல?" என்பார். நான் கடவுளைக் கும்பிடுகிறவள். ஆனாலும் கடவுளுக்கு இவர் செருப்பைப் பார்க்கிற வேலை இருக்கும் என்று நம்பியதில்லை.

இப்படி இருக்கையில்தான் அந்த ஸ்நைப்பர் துப்பாக்கி வந்தது. கூடவே அதை வரைந்த இன்ஜினியரும் வந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'இன்னும் நூறு'. எண்ணூறு மீட்டரில் சுட்டுப் பார்ப்பார்கள். சரியாகப் பட்டால், "இன்னும் நூறு மீட்டர் தள்ளி வைங்க" என்பார். தொள்ளாயிரத்தில் பட்டாலும் அதே பேச்சு. இப்படியே தள்ளித் தள்ளி, புதுக் குழி வெட்ட வைத்து, ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். சோற்றுத் தூக்கோடு நடந்து போய்ச் சேருவதற்குள் பசி வந்துவிடும்.

அந்தத் துப்பாக்கி பத்து மாதக் குழந்தையின் கனம் இருந்தது. குழந்தை என்று சொன்னது என் வாய்க்கொழுப்பு, கடவுள் மன்னிக்கட்டும். அதைப் பற்றி ஒரு வழவழப்பான புத்தகம் போட்டிருந்தார்கள். அட்டையில் அந்தி வானம், மலை, அதன் முன்னால் துப்பாக்கி மட்டும் தனியாக நின்றது. அதைப் பிடிக்கிற ஆளும் இல்லை, அதனால் விழப்போகிற ஆளும் இல்லை. ஏதோ சுற்றுலா போகக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. உள்ளே 'எதிரி உங்களை அறியுமுன்' என்று ஒரு வரி. எனக்கு ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. அதனால் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்தேன். தன்னைக் கொல்ல வருகிறவன் யாரென்றே அறியாமல் ஒருவன் செத்துப்போவதை இத்தனை அழகான தாளில் அச்சடிக்க வெட்கம் இல்லாமல் இருக்க நிறையப் படிக்க வேண்டும் போலிருக்கிறது.

மற்றத் துப்பாக்கிகளில் குழல் எதையும் தொடாமல் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். இதில் மட்டும் குழலைச் சுற்றி முக்கால் நீளத்துக்குக் கறுப்பாக ஓர் உறை, மீன் செதில் மாதிரி வேலைப்பாடு. பார்க்க லட்சணம்தான். சுட ஆரம்பித்த இரண்டாம் நாளே அத்தானின் உள்ளங்கைக்கு அதன் குணம் தெரிந்துவிட்டது. ஆறு குண்டு வரை ஓட்டைகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உட்காரும். ஏழாவதிலிருந்து மேலே ஏறி ஏறி, வட்டத்தை விட்டு வெளியே போகும். குழலை ஆறவிட்டுச் சுட்டால் மறுபடி ஆறு நன்றாக இருக்கும், ஏழாவது கிளம்பிவிடும்.

ஒரு நாள் இன்ஜினியர் குழியைப் பார்க்க வந்தார். பசை வாடைக்கு மூக்கில் கைக்குட்டை.

"சார், ஆறு வரைக்கும் தங்கம். ஏழுலேர்ந்து நடக்குது சார்," என்றார் அத்தான்.

"என்ன நடக்குது?"

"ஓட்டைதான் சார். மேல நடந்து போகுது. குழல் சூடாகி அந்த உறைல முட்டுது போல. உறையைக் கழட்டிட்டு ஒரு தடவ சுட்டுப் பாருங்களேன்."

இன்ஜினியர் சிரித்தார். "உறையைக் கழட்டினா பார்க்க எப்படி இருக்கும் தெரியுமா? தண்ணிக் குழாய் மாதிரி இருக்கும். அந்த உறைக்குத்தான் எனக்கு வெளிநாட்டுல பரிசு கொடுத்தாங்க. உங்க வேலை ஓட்டையை எண்றது பெரியவரே. ஓட்டை ஏன் வந்துச்சுன்னு யோசிக்கறது என் வேலை."

"சரிங்க சார்."

அவர் ஏணியில் ஏறிப் போனதும் அத்தான் என்னிடம், "ஏ பசை, ஏழாவது குண்டுக்கு இன்னும் பரிசு விஷயம் தெரியல. யாராவது போய்ச் சொல்லுங்கப்பா," என்றார். எனக்குப் 'பசை' என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

இதில் இன்னொரு முடிச்சு இருந்தது. என் அக்காள் மகள் படம் வரையும் படிப்பு முடித்துவிட்டு மூன்று வருடமாக வீட்டில் இருந்தாள். இயந்திரப் படம், அளவு போட்ட படம். தொழிற்சாலையின் வரைபட அறையில் ஓர் இடம் காலி. விண்ணப்பித்திருந்தாள். கையெழுத்துப் போட வேண்டியவர் யார்? வேறு யார், இன்னும் நூறுதான்.

ராணுவம் இந்தத் துப்பாக்கியை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற கடைசிப் பரீட்சை ஒரு சனிக்கிழமை என்று தேதி குறித்தார்கள். ஆயிரத்து இருநூறு மீட்டரில், குழலை ஆறவிடாமல் பத்துக் குண்டு. வியாழக்கிழமை அத்தானை இன்ஜினியர் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலியில் உட்காரச் சொன்னாராம். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவை.

"உங்க பொண்ணு ஃபைல் என் மேசைமேலதான் இருக்கு. சனிக்கிழமை நல்லபடியா முடியட்டும். திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டுடறேன்."

"நல்லபடியான்னா சார்?"

"பத்துக்குப் பத்து. வேற என்ன?"

அவ்வளவுதான் பேச்சு. திருடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. படித்தவர்கள் அழுக்குத் துணியைத் தாங்கள் தொட மாட்டார்கள், தொட வேண்டியவனுக்கு நாற்காலி கொடுப்பார்கள்.

சுடுவதற்கு ராணுவத்திலிருந்து ஒருவர் ஒரு வாரம் முன்பே வந்திருந்தார். முப்பது வயதிருக்கும். குண்டு விடுமுன் அவர் மூச்சடக்குகிற நேரத்தை வைத்து 'மூச்சுக்காரர்' என்று அத்தான் பெயர் வைத்தார். வந்த அன்றைக்கே அத்தனை தூரம் நடந்து குழிக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். பிஸ்கட் பொட்டலம் கொண்டுவந்தார். "நான் சுடறது உங்க கையிலதான் முடியுது. முகத்தைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன் அண்ணே," என்றார். முதலில் வெளிவருகிற துப்பாக்கியை எல்லைக் காவலுக்குத் தாமே எடுத்துப்போகப் போவதாகவும் சொன்னார்.

சனிக்கிழமை வந்தது. அந்தக் கோடியில் பந்தல், நாற்காலிகள், பூங்கொத்து. குழியில் வைத்திருந்த டெலிபோனில் எங்களுக்கே தேநீர்க் கோப்பைகள் கிணுகிணுக்கும் சத்தம் கேட்டது. ஒருவனைக் கொல்வது எப்படி என்று பார்ப்பதற்குப் பிஸ்கட்டும் தேநீரும் வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கில் சேராத மூன்று குண்டு, காற்றுப் பார்ப்பதற்கு. மூன்றும் வட்டத்துக்குள். முதுகுப் பக்கம் மூன்று ஒட்டுப் போட்டு மூடினேன். குழல் ஆறட்டும் என்று ஒரு மணி நேரம் விட்டார்கள். வெயிலில் ஒட்டு காய்ந்து மொறமொறவென்று ஆகிவிட்டது. பிறகு பரீட்சை.

ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவது வரை அத்தானின் உள்ளங்கை வட்டத்தை விட்டு வெளியே போகவே இல்லை. ஏழாவது. சட்டம் இறங்கியது. அவர் கை வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. எனக்கு ஓட்டை தெரிந்துவிட்டது.

"அத்தான், மேல. வெளிய."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒட்டுப் போடு," என்றார்.

"இது கணக்குக் குண்டு அத்தான். ஒட்டக் கூடாதே."

"போடு பசை."

கை தானாகப் போட்டது. அத்தான் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து வட்டத்துக்கு நடுவில் ஒரு குத்து குத்தினார். பென்சிலின் பருமன் குண்டுக்குச் சரியாக இருந்தது. சட்டத்தை ஏற்றிவிட்டு, கம்பை நீட்டி, நட்டநடுவில் தட்டைக் காட்டினார். டெலிபோனில் கைதட்டல் கேட்டது.

எட்டு, ஒன்பது, பத்து. மூன்றும் வெளியே. பத்தாவது காகிதத்தின் ஓரத்துக்கே போயிருந்தது. மூன்று ஒட்டு, மூன்று குத்து. நான் கடவுளே கடவுளே என்று சொல்லிக்கொண்டே பசை தடவினேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தடவினது என் கை.

ஜீப் வந்து காகிதத்தை வாங்கிப் போயிற்று. சாயங்காலம் அலுவலகத்தில் குழிச்சீட்டில் அத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சீட்டு இல்லாமல் எந்தத் துப்பாக்கியும் தேறாது. குழியில் உட்கார்ந்தோம். அரை மணி கழித்து ஏணியில் பூட்ஸ் சத்தம். மூச்சுக்காரர். கையில் சுருட்டிய காகிதம்.

"என்ன அண்ணே, குழிக்குள்ள நீங்களும் ஒரு துப்பாக்கி வச்சிருக்கீங்களா?"

அத்தான் எழுந்து நின்றார்.

மூச்சுக்காரர் காகிதத்தை விரித்து முதுகைக் காட்டினார். "ஆறு ஓட்டைல பிசிறு இந்தப் பக்கம். நாலுல அந்தப் பக்கம். நாலு குண்டு இங்கேருந்து என்னைப் பார்த்து வந்திருக்கு. நல்லவேளை, என்மேல படல." ஒரு ஒட்டைத் தொட்டார். விரலில் ஒட்டிக்கொண்டது. "மூணு காஞ்சிருக்கு. நாலு ஈரம்."

முப்பத்தோரு வருடம் பிசிறைத் தடவியே ஓட்டை கண்டுபிடித்த மனிதர், பின்னாலிருந்து குத்தினால் பிசிறு முன்னால் போகும் என்பதை மறந்துவிட்டார். பந்தலில் இருந்த அத்தனை பெரிய மனிதர்களும் காகிதத்தின் முகத்தைப் பார்த்துக் கைதட்டினார்களே தவிர, ஒருத்தரும் திருப்பிப் பார்க்கவில்லை.

"ஏழாவது விட்டப்பவே வெளியன்னு எனக்குத் தோணுச்சு," என்றார் மூச்சுக்காரர். "நீங்க நடுவுல காட்டினீங்க. சரி, நம்ம நெனப்புதான் தப்புன்னு விட்டேன். எட்டாவதும் நடுவுல. நான் அவ்வளவு பெரிய ஆளு இல்ல அண்ணே."

"பொண்ணுக்கு வேலை தம்பி," என்றார் அத்தான்.

"அப்படியா." அவர் குழிச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கோபம் முகத்தில் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அங்க நாள் பூரா குப்புறக் கிடப்போம், நானும் தொலைநோக்கி வச்சிருக்கற கூட்டாளியும். பட்டா ஒண்ணுமில்ல. குறி தப்பினா நாங்க எங்க கிடக்கோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் எங்க தலைல பெரிய குண்டு வரும். துப்பாக்கி ஆறுக்கு மேல நடக்கும்னு தெரிஞ்சா, ஆறோட எழுந்து ஓடிருவேன். தெரியலன்னா ஏழாவதும் சுடுவேன். அவ்வளவுதான் அண்ணே வித்தியாசம்."

"நீங்களே சொல்லலாமே மேல?" என்று நான் கேட்டேன்.

"நான் சொன்னா, சுடத் தெரியாதவன் துப்பாக்கியக் குறை சொல்றான்பாங்க. சீட்டுல கையெழுத்து அண்ணனோடது." காகிதத்தை அத்தான் மடியில் வைத்துவிட்டு ஏணி ஏறிப் போய்விட்டார்.

அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். உள்ளே இன்ஜினியரும் ராணுவத்தின் பெரிய அதிகாரியும் இருந்தார்கள். மேசைமேல் குழிச்சீட்டு. பக்கத்திலேயே ஒரு ஃபைல், மேலே அக்காள் மகள் பெயர் தெரிகிற மாதிரி வைத்திருந்தார் இன்ஜினியர். அந்த நேர்த்தியைத் துப்பாக்கியில் காட்டியிருக்கலாம்.

அத்தான் பேனாவை எடுத்தார். 'உள்ளே: 6. வெளியே: 4' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இன்ஜினியர் சீட்டைப் பார்த்தார். "வயசாயிடுச்சு பெரியவருக்கு. எண்ணத் தெரியல. நாமதான் கண்ணால பார்த்தோமே, பத்து ஓட்டை," என்று அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார்.

"நாலு நான் போட்டது சார்," என்று அத்தான் காகிதத்தின் முதுகை மேசைமேல் விரித்தார். "பென்சில். தடவிப் பாருங்க."

அதிகாரி தடவிப் பார்த்தார். பிறகு தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "யார் சொல்லிப் போட்டே?" என்றார்.

அத்தான் ஃபைலைப் பார்த்தார். "யாரும் சொல்லல சார். என் கைதான் போட்டுது."

ஏன் அப்படிச் சொன்னார் என்று வழியில் சண்டை போட்டேன். "அவரு 'பத்துக்குப் பத்து'ன்னுதான் சொன்னாரு. குத்தச் சொல்லலையே. சொல்லாதத சொன்னாருன்னா மறுபடியும் பொய்தானே?" என்றார். இப்படிப்பட்ட மனிதரோடு என்ன சண்டை போடுவது?

வீட்டில் அக்காள் போட்டாள். "நாலு ஓட்டைக்கு மகளோட வேலைய வித்துட்டு வந்திருக்காரு மகராசன். பண்றதுதான் பண்ணீங்க, ஒழுங்காவாவது பண்ணியிருக்கலாம்ல? இல்ல, பண்ணாமலாவது இருந்திருக்கலாம்ல? ரெண்டுங்கெட்டான்."

மகள் தன் படப் பலகையைச் சுவரோரம் திருப்பிச் சாத்திவிட்டு, பாத்திரம் கழுவப் போனாள். ஆறு மாதம் அப்பாவோடு அவள் பேசவில்லை. அவருக்கு வைக்கிற தட்டைக் கூடக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைப்பாள்.

விசாரணை வைத்தார்கள். காகிதத்தைத் திருத்திய குற்றத்துக்கு அத்தானுக்கு ஒரு மாதம் தற்காலிக வேலைநீக்கம், பிறகு பெட்டி அடிக்கிற கொட்டகைக்கு மாற்றல். கூட இருந்ததற்கு எனக்கு ஒரு கண்டிப்புக் கடிதம். இன்ஜினியருக்கு? அவர் மூன்று மாதத்தில் உறையைக் கழற்றிவிட்டு அதே துப்பாக்கியைக் கொண்டுவந்தார். 'இரண்டாம் வடிவம், குழல் சுதந்திரமாக இயங்கும் நவீன அமைப்பு' என்று புது வழவழப்புப் புத்தகம். மறுபடி அந்தி வானம். பத்துக்குப் பத்து, நிஜமாகவே. அவருக்குப் பதவி உயர்வு வந்தது. தண்ணிக் குழாய் என்ற பேச்சு எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

அக்காள் மகளின் ஃபைல் திரும்பி வந்தது, 'தேவையில்லை' என்ற முத்திரையோடு. அவள் இரும்புக் கதவு, ஜன்னல் செய்கிற பட்டறையில் படம் வரையச் சேர்ந்தாள். முதல் நாள் வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவள், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அப்பா, அந்த மூச்சுக்காரர் எந்தத் துப்பாக்கிய எடுத்துட்டுப் போனாரு? பழசா, புதுசா?"

ஆறு மாதம் கழித்துக் காதில் விழுந்த முதல் 'அப்பா'. அத்தான் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

"புதுசும்மா. பெட்டி நான்தான் அடிச்சேன்."

"அப்ப ஏழாவதும் படும்."

"படும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் கேட்கவில்லை. "அப்படின்னா அந்தப் பக்கம் இன்னொருத்தன் விழுவான். அவன் யாரு பெத்த பிள்ளையோ," என்றேன்.

"சாப்பிடற நேரத்துல சித்தி ஆரம்பிச்சுட்டா பாரு," என்று மகள் முகத்தைச் சுளித்தாள்.

"சித்தியைத் திட்டாதே," என்றார் அத்தான். "நீ கும்பிடறப்ப அவனுக்கும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லு பசை."

"பேரு தெரியாதே அத்தான்."

"யாருக்குமே தெரியாது. அதுக்குத்தானே அவ்வளவு தூரத்துல வைக்கறாங்க."

மகள் எழுந்து போய் அவருக்கு இன்னொரு கரண்டி சோறு கொண்டுவந்து வைத்தாள். இந்தத் தடவை சத்தம் இல்லாமல் வைத்தாள்.